அதிர்வு: இல்லை

மேருகிரி வால்வ்ஸ் தொழிற்சாலையில் எண் இல்லாத பொருள் கிடையாது. லேத்துக்கு எண், நாற்காலிக்கு எண், கழிப்பறை வாளிக்கும் எண். 1996 ஜனவரியில், அந்தத் தொழிற்சாலையின் கேன்டீனில் காய் நறுக்கும் கெம்பம்மாவுக்கு, இடது காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கு உள்ளே ஒரு சின்னக் கருவியைப் பெங்களூர் ஆஸ்பத்திரி ஒன்றில் பதித்தார்கள். மறுவாரமே அதற்கும் எண் வந்துவிட்டது: எம்-317. கெம்பம்மாவின் மேல் பெயின்ட் அடிக்க முடியாதென்பதால் அவளுடைய அடையாள அட்டையின் பின்புறம் எழுதினார்கள்.

கருவி என்றால் பெரிய கருவி ஒன்றுமில்லை. ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய டப்பி. மேலே கெட்டியான ரப்பர் மூடி. டப்பியிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று இதயத்துக்குப் பக்கத்திலுள்ள பெரிய ரத்தக்குழாய் வரை போகிறது. மார்பில் புற்றுநோய் வந்து வலதுபக்க மார்பை எடுத்த பிறகு, ஏற்றிய மருந்தில் கெம்பம்மாவின் இடது கை நரம்புகள் கருகிக் கயிறாகிவிட்டன. வலது கையைத் தொடக்கூடாது. அது அறுவை செய்த பக்கம். அதனால் இந்த டப்பி. தோலின் மேலிருந்தே ரப்பர் மூடியில் ஊசியைக் குத்தினால் மருந்து நேராக உள்ளே போய்விடும். டாக்டர்கள் அதைப் போர்ட் என்றார்கள். கெம்பம்மா பட்டன் என்றாள். தொழிற்சாலையின் நலத்துறை அதிகாரி மாரிசாமி மட்டும் அதை "நம்ம கம்பெனி வால்வு" என்றார்.

அப்படிச் சொல்ல அவருக்கு உரிமை இருந்தது. அமெரிக்காவில் செய்த அந்த டப்பியைக் கம்பெனிதான் வாங்கிக் கொடுத்தது. கொடுத்ததற்கு ஒரு விழா நடந்தது. எம்.டி. டப்பி இருந்த அட்டைப்பெட்டியைக் கையில் ஏந்தி நிற்கும் படம் வரவேற்பறையில், பிள்ளையார் படத்துக்கும் தரக் கொள்கைக்கும் நடுவில் மாட்டப்பட்டது. அந்தப் படத்தின் வலது ஓரத்தில் ஒரு பாதித் தோளும் சேலைத் தலைப்பும் தெரியும். அது கெம்பம்மா.

மாரிசாமி சாத்தூர்ப் பக்கத்துக்காரர். பி.ஏ. படித்து, தொழிலாளர் நலத்தில் டிப்ளமோ வாங்கி, இரண்டையும் பெயர்ப்பலகையில் போட்டு, பலகை மேஜையைவிட நீளமாகிவிட்டதால் மேஜையை மாற்றியவர். ஓசூருக்கு வந்து பன்னிரண்டு வருஷத்தில் ஊர்ப் பேச்சைக் கழுவித் துடைத்து, இங்கிலீஷ் கலந்த ஒரு தமிழை உண்டாக்கி வைத்திருந்தார். கோபம் வந்தால் மட்டும் சாத்தூர் எட்டிப் பார்க்கும்.

ஜூனில் ஆறு தவணை மருந்தும் முடிந்தது. நோய் இருந்த தடம் இல்லை என்றார் பெங்களூர் டாக்டர். ஆனாலும் பட்டன் இன்னொரு வருஷம் உள்ளேயே இருக்கட்டும், நோய் திரும்பினால் தேவைப்படும் என்றார். அதுவரை இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை, குழாயில் ரத்தம் உறைந்து அடைக்காமலிருக்க, ஹெப்பாரின் மருந்து கலந்த உப்புநீர் பத்து மில்லி செலுத்திக் கழுவ வேண்டும். அதற்குப் பெங்களூர் வந்து போக வேண்டும்.

"இதுக்குப் போய்ப் பெங்களூரா?" என்றார் மாரிசாமி. "வருஷத்துக்கு நாலு லட்சம் வால்வு டெஸ்ட் பண்ணி அனுப்புறோம். ஒரு வால்வை நம்மால ஃப்ளஷ் பண்ண முடியாதா? இன்-ஹவுஸ் பண்ணுவோம்."

தொழிற்சாலை டிஸ்பென்சரி நர்ஸ் ஜோதியம்மாள் பெங்களூருக்கு ஒரு காலைப் பயிற்சிக்கு அனுப்பப்பட்டாள். ஒவ்வொரு முறையும் புதுப் புட்டி, புது ஊசி, கையுறை என்று தொடங்கும் ஒரு பக்கக் குறிப்போடு திரும்பி வந்தாள். மாரிசாமி அதை உடனே லேமினேட் செய்து சுவரில் மாட்டினார். அந்தத் தொழிற்சாலையில் லேமினேட் செய்த எதையும் யாரும் படித்ததில்லை.

புதுப் புட்டி என்பதில் ஒரு சிக்கல் இருந்தது. ஸ்டோர்ஸ் விதிப்படி காலிப் புட்டியைத் திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்த புட்டி கிடைக்கும். ஸ்டோர்ஸில் இருந்தது அரை லிட்டர் புட்டி. ஜோதியம்மாள் அதில் ஹெப்பாரினைக் கலந்து, ரப்பர் மூடியில் நிரந்தரமாக ஓர் ஊசியைக் குத்தி வைத்து, ஜன்னலோரம் தொங்கவிட்டாள். மாசம் பத்து மில்லி எடுத்தால் அந்தப் புட்டி நாலு வருஷத்துக்கு வரும். கெம்பம்மா வருவாளா என்று ஸ்டோர்ஸ் விதியில் எழுதவில்லை.

அடுத்து, பராமரிப்பு அட்டை. தர நிர்ணயச் சான்றிதழுக்காக ஓசூரில் ஒவ்வொரு கம்பெனியும் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. மேருகிரியில் எல்லா இயந்திரத்திலும் ஓர் அட்டை தொங்கியது. எம்-317க்கு மட்டும் இல்லாமலிருந்தால் ஆடிட்டில் கேள்வி வரும். புதிதாக அச்சடிப்பதா? லேத்துக்கு அடித்த அட்டை கட்டுக்கட்டாக மிச்சமிருந்தது. மாரிசாமியே உட்கார்ந்து நிரப்பினார். கசிவு: இல்லை. சத்தம்: இல்லை. (கெம்பம்மாவைத் தெரிந்த யாரும் இதை நம்பவில்லை.) அதிர்வு: இல்லை. எண்ணெய் அளவு: பொருந்தாது. வெப்பநிலை: 98.4. கையில் பேனா இருந்த வேகத்தில் ஜூலையில் தொடங்கி டிசம்பர் வரைக்கும் நிரப்பிவிட்டார். அங்கே எல்லா அட்டையும் அப்படித்தான் நிரம்பும். இயந்திரங்கள் இதுவரை புகார் சொன்னதில்லை.

ஜூலைக் கழுவலில் ஒன்றும் நடக்கவில்லை. புட்டி புதுசு.

ஆகஸ்டில் ஊசி போட்டுக்கொண்டு கேன்டீனுக்குத் திரும்பிய கெம்பம்மா பூசணிக்காய் அறுக்க உட்கார்ந்தாள். அரை மணி நேரம் போயிருக்கும். கையிலிருந்த கத்தி பலகையில் தடதடவென்று அடிக்கத் தொடங்கியது. அவள் அடிக்கவில்லை. பல் கிட்டி, நகம் நீலம் பாரித்து, அரிசி மூட்டைச் சாக்குகளை மேலே போட்டும் குளிர் நிற்காமல் ஒரு மணி நேரம் கிடந்தாள். பிறகு கொதிக்கும் காய்ச்சல். ஜோதியம்மாள் ஓர் ஊசி போட்டாள். மறுநாள் காலையில் காய்ச்சல் இல்லை.

செப்டம்பரிலும் அதே கதை. இந்தத் தடவை கெம்பம்மா டிஸ்பென்சரிக் கடிகாரத்தைப் பார்த்து வைத்திருந்தாள்.

"கொசுக்கடி கெம்பம்மா. மலேரியாவா இருக்கும்," என்றாள் ஜோதியம்மாள்.

"ஒசூர் கொசு கெடியாரம் பார்த்தா கடிக்குது? போன தபா நீ ஊசி எடுத்து அர மணி. இந்த தபாவும் அர மணி. நடுவுல இருபத்தேழு நாளு ஒரு கொசுவும் காணோம்."

ரத்தத்தைச் சோதித்தார்கள். மலேரியா இல்லை. ஜோதியம்மாள் டைஃபாய்டு என்றாள். அதுவும் இல்லை. பிறகு, இவ்வளவு பெரிய நோய் வந்தவர்களுக்கு மனசு பலவீனமாகிவிடும், பயத்திலேயே நடுங்குவார்கள் என்றாள். அதற்குச் சோதனை இல்லாததால் அதையே வைத்துக்கொண்டாள்.

செப்டம்பர் நடுக்கத்தின்போதே கெம்பம்மாவின் புருஷன் கங்கப்பன் மாரிசாமியிடம் போய் நின்றான். அவன் அதே தொழிற்சாலையில் கேட் காவலாளி. பதினாறு வருஷ சர்வீஸில் பாஸ் இல்லாமல் ஒரு போல்ட்டை வெளியே விட்டதில்லை. ஆயுத பூஜைக்கு எம்.டி.யின் மனைவி கொண்டுவந்த வெள்ளித் தட்டை அவர் திரும்பக் கொண்டுபோகும்போது பாஸ் கேட்டு நிறுத்தியவன் அவன்தான்.

"சார், ஜீப்பு குடுத்தா பெங்களூர் தூக்கினு போயிடுவேன். பஸ்ல உக்கார மாட்டா. ஆட்டம் நிக்கல."

"ஜீப்பா?" மாரிசாமி நாற்காலியில் சாய்ந்தார். "கங்கப்பா, ஜீப் கொடுக்கணும்னா இன்சிடென்ட் ரிப்போர்ட் எழுதணும். ரிப்போர்ட் எழுதினா கேட்ல இருக்கிற போர்டு என்ன ஆகும்? நீதானே தினம் அதுல நம்பர் மாத்துற?"

கேட்டில் விபத்தில்லா நாட்களைக் காட்டும் பலகை இருந்தது. அன்று காலை கங்கப்பன் அதில் இருநூற்றுப் பதினொன்று என்று மாற்றியிருந்தான்.

"அது மெசினுக்கு சார். இவ பொம்பள."

"பொம்பளைக்கு வச்சிருக்கிறது மெஷின்தானே? அதோட கார்டைப் பாரு. எல்லாம் ஓகே."

இரண்டு நாள் கழித்து, காய்ச்சல் விட்ட பிறகு, கெம்பம்மா பஸ் ஏறிப் பெங்களூர் போனாள். அங்கே இளம் டாக்டர் ஒருவர் அவள் சொன்னதைப் பாதி கேட்டார். பட்டனைத் தொட்டுப் பார்த்தார். சிவப்பு இல்லை, வீக்கம் இல்லை. தொழிற்சாலைக்கு ஃபோன் போட்டார். பத்து நிமிஷத்தில் மாரிசாமியின் ஃபேக்ஸ் வந்தது: முத்திரை குத்திய பராமரிப்பு அட்டை. ஆகஸ்ட், வெப்பநிலை 98.4. செப்டம்பர், வெப்பநிலை 98.4.

டாக்டர் அட்டையைப் பார்த்தார், கெம்பம்மாவைப் பார்த்தார். அச்சடித்து முத்திரை குத்தியிருந்தது அட்டை. பாராசிட்டமால் எழுதினார்.

"அது பொய்யி," என்றாள் கெம்பம்மா கன்னடத்தில். ஓசூர்ப் பக்கத்து உத்தனப்பள்ளிக்காரிக்குத் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் சண்டை போட வரும். "அந்தக் காகிதத்தோட நெத்தியில கைய வெச்சு பாத்தவன் எவனும் இல்ல. இத எடுத்து வெளிய போடு."

"ஜ்வர இருவாக பன்னி," என்றார் டாக்டர். "ஏனு ஹாக்தாரோ அதன்னூ தன்னி." காய்ச்சல் இருக்கும்போது வா, உனக்குள் எதைச் செலுத்துகிறார்களோ அதையும் கொண்டுவா. சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

கெம்பம்மா மாத்திரைச் சீட்டை பஸ் நிலையத்தில் கிழித்துப் போட்டாள். அத்திப்பள்ளி தாண்டும்வரை யோசித்தாள். காய்ச்சலோடு வர வேண்டும். காய்ச்சல் வந்தால் பஸ்ஸில் உட்கார முடியாது. கார் வேண்டும். கார் கொடுப்பவர்கள் காய்ச்சல் இல்லை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்கள் மறுக்க முடியாத இடத்தில், மறுக்க முடியாத ஆட்களுக்கு முன்னால் நடுங்க வேண்டும்.

அப்படி ஒரு நாள் தானாகவே வந்தது. அக்டோபரில் சென்னையிலிருந்து ஆடிட்டர்கள் இரண்டு பேர் சான்றிதழுக்காக வருவதாகத் தேதி குறித்தார்கள். அது கெம்பம்மாவின் இருபத்தெட்டாவது நாள். வால்வுத் தரத்துக்கும் கெம்பம்மாவின் பட்டனுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. மனிதநேயப் பராமரிப்பு என்ற தலைப்பில் கால் மணி நேரம் வேண்டும் என்று மாரிசாமி நிகழ்ச்சி நிரலில் எழுதி வாங்கிக்கொண்டார். கெம்பம்மாவுக்குக் கம்பெனி முத்திரை போட்ட நீலச் சேலை கொடுக்கப்பட்டது. முன்வரிசையில் உட்கார வேண்டும்; கேட்டால் மட்டும் கும்பிட வேண்டும்; பேச வேண்டாம்.

அன்று காலை சேலையைக் கட்டிக்கொண்டே புருஷனிடம் சொன்னாள்.

"இன்னிக்கு எனக்கு நடுக்கம் வரும்."

"வாய வெச்சினு சும்மா இரு. வராதுன்னு வேண்டிக்க."

"வரணும்னுதான்யா போறேன். நான் சாஞ்சா என்னப் புடிக்க ஓடி வராத. என்னப் புடிக்க அங்க ஆபீசருங்க நெறய இருப்பாங்க. நீ நேரா டிஸ்பென்சரிக்குப் போயி ஜன்னல்ல தொங்குற பாட்டில எடு."

கங்கப்பன் பெல்ட்டின் பக்கிளைத் தேய்த்துக்கொண்டிருந்தான். கை நின்றது.

"பாஸ் இல்லாமயா?"

"பொணத்துக்கு எந்தக் கலர்ல பாஸ் எழுதுவாங்கன்னு உங்க சாரக் கேட்டு வெச்சிக்க. அதுவும் இந்த கேட் வழியாத்தான் போவணும்."

"அந்த ஊசிய வேணாம்னு சொல்லிட்டா என்ன?"

"வேணாம்னா? எனக்கு புத்தி கெட்டுப்போச்சுன்னு அட்டைல எழுதுவான். பட்டன் உள்ளயே இருக்கும். அதுல இருக்கறதும் உள்ளயே இருக்கும். ஒரு நாளு உன்னோட பலகைல நம்பர் சைபருக்குப் போவாமயே நான் போய்ச் சேர்ந்துருவேன்."

கங்கப்பன் மறுபடி பக்கிளைத் தேய்த்தான். அவன் பேச்சில் வென்ற நாள் அவர்கள் கல்யாணத்துக்கு முந்தியது.

பத்தரை மணிக்கு ஆடிட்டர்கள் டிஸ்பென்சரிக்கு வந்தார்கள். எம்.டி. முன்னால், மாரிசாமி அவருக்கும் அரை அடி முன்னால். ஆடிட்டர்களில் மூத்தவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி எம்-317இன் அட்டையைப் படித்தார். நிதானமாகப் படித்தார்.

"நவம்பர், டிசம்பர்கூட முடிஞ்சுட்டுதே?"

"அது பிளான்டு சார்," என்றார் மாரிசாமி. "அட்வான்ஸ் பிளானிங்."

"நவம்பர் மாசத்து வெப்பநிலையும் பிளான்தானா?"

மாரிசாமி சிரித்தார். ஆடிட்டர் சிரிக்கவில்லை, ஏதோ குறித்துக்கொண்டார். அந்த இடைவெளியில், பேச வேண்டாம் என்று உட்கார வைக்கப்பட்டிருந்தவள் பேசினாள்.

"எழுதினதெல்லாம் மணிமணியா இருக்குதுங்க சார். செய்யறதயும் ஒரு தபா பாத்துட்டுப் போங்க. இன்னிக்குத்தான் எனக்கு நாளு."

சுவரில் பெரிய எழுத்தில் ஒரு வாசகம் இருந்தது: செய்வதை எழுது, எழுதியதைச் செய். ஆடிட்டர் அதையும் பார்த்தார், கெம்பம்மாவையும் பார்த்தார். காலையிலிருந்து அந்தத் தொழிற்சாலையில் தன் வேலையைப் புரிந்துகொண்ட முதல் ஆளை அப்போதுதான் பார்த்ததுபோல் தலையசைத்தார்.

"பார்க்கலாமே," என்றார்.

"ஷெட்யூல் டைட்டா இருக்கு சார்," என்றார் மாரிசாமி.

"பத்து மில்லிதானே?"

மறைப்புக்குப் பின்னால் ஜோதியம்மாள் புட்டியிலிருந்து மருந்தை இழுத்தாள். கை நடுங்கியது. கெம்பம்மா தாழ்ந்த குரலில், "பயப்படாத, இன்னிக்கு உனக்கு முன்ன வந்துடுச்சு. எனக்கு அர மணி கழிச்சுத்தான்," என்றாள். ஜோதியம்மாள் ஊசியைக் குத்தும்போது வேண்டுமென்றே கொஞ்சம் அழுத்திக் குத்தினாள். ஆடிட்டர் மறைப்புக்கு வெளியே நின்று நேரம் எழுதிக்கொண்டார்: 10.50.

பதினொரு மணிக்குக் கூட்ட அறையில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். குளிர்சாதனம், மொசைக் தரை, இரும்பு மடக்கு நாற்காலி, ரோஜா மாலை. மாரிசாமி மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார். இயந்திரத்தையும் மனிதனையும் வேறுபடுத்திப் பார்க்காத நிறுவனம் இது என்றார். அது உண்மைதான். அந்த வால்வு கெம்பம்மாவின் இதயத்தோடு மட்டுமல்ல, எம்.டி. அவர்களின் இதயத்தோடும் இணைக்கப்பட்டிருக்கிறது என்றார். எம்.டி. மார்பைத் தொட்டுக்கொண்டார். மருத்துவ வரலாற்றில் ஒரு சிறுநகரம் என்று தொடங்கி, தன்னுடைய டிப்ளமோ நாட்கள் வழியாகப் பதினொன்று இருபதுக்கு இன்றைய தலைப்புக்கு வந்தார்.

கெம்பம்மா முன்வரிசையில் இரண்டு கைகளையும் மடியில் கோத்து உட்கார்ந்திருந்தாள். முதுகுத் தண்டில் யாரோ பனிக்கட்டியை வைத்து மேலிருந்து கீழே இழுப்பதுபோல் இருந்தது. வந்துவிட்டது. கோத்த கையை இறுக்கினாள். முழுசாக வரட்டும்.

இரும்பு நாற்காலிதான் முதலில் பேசியது. அதன் நாலு காலும் மொசைக் தரையில் கடகடவென்று அடித்தன. மைக் அந்தச் சத்தத்தை வாங்கி அறையின் நாலு மூலை ஸ்பீக்கருக்கும் கொடுத்தது. மாரிசாமி மைக்கில்தான் கோளாறு என்று நினைத்து அதை மறுபடி தட்டினார்.

"ஏசியைக் குறைங்கப்பா," என்றார். "வயசானவங்களுக்குச் சேரலை."

கெம்பம்மாவுக்கு நாற்பத்து நாலு வயது. அவள் நாற்காலியோடு அரை அடி நகர்ந்துவிட்டிருந்தாள். உதடு நீலமாகியிருந்தது. மூத்த ஆடிட்டர் எழுந்தார். எழுந்து, கையிலிருந்த அட்டையைத் திருப்பி, அதிர்வு என்ற கட்டத்தில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, கெம்பம்மாவைப் பார்த்தார். பிறகு நேரத்தைப் பார்த்து எழுதினார்.

"இது மத்த மாசமும் வந்துதா?" என்று அவளிடம் கேட்டார்.

பல் அடிக்கிற அடியில் அவளால் வார்த்தையாகச் சொல்ல முடியவில்லை. மூன்று விரலைக் காட்டினாள், இதையும் சேர்த்து.

ஆடிட்டர் எழுந்ததால் எம்.டி. எழுந்தார். எம்.டி. எழுந்ததால் அறை முழுக்க எழுந்தது. "என் காரை எடுங்க," என்றார் எம்.டி. அந்தக் குரலில் இருந்த கருணையில் அவரே கொஞ்சம் அசந்துபோனார். ரிப்போர்ட், பலகை, ஷெட்யூல் எதுவும் அப்போது யாருக்கும் நினைவில்லை. இரண்டு மேலாளர்கள் கெம்பம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். வலதுபக்கம் பிடித்தவரைப் பார்த்து அவள் முனகினாள். அறுவை செய்த பக்கம் என்பது அவருக்குத் தெரியவில்லை.

கங்கப்பன் அறையில் இல்லை. கார் கேட்டுக்கு வந்தபோது கேட்டைத் திறந்தது அவன். சல்யூட் அடித்தது அவன். ஓடிவந்து டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்ததும் அவன். காக்கிச் சட்டை வயிற்றுப் பக்கம் உப்பியிருந்தது. ஓசூர் எல்லை தாண்டும்வரை அவன் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தான். பிரசவத்துக்குப் போவது யார் என்று டிரைவருக்குச் சந்தேகம் வந்தது.

ஆஸ்பத்திரியில் அதே இளம் டாக்டர். காய்ச்சல் நூற்று நாலு. ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. கங்கப்பன் சட்டைக்குள்ளிருந்து புட்டியை எடுத்து மேஜையில் வைத்தான். மூடியில் ஊசி இன்னும் குத்தியபடி இருந்தது. டாக்டர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். உள்ளே மெல்லிய நூல் நூலாக ஏதோ மிதந்தது.

"இதையா?" என்றார்.

"இதத்தான் சார். ஜூலைலேர்ந்து."

மாலைக்குள் பட்டனை எடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் ஆய்வு முடிவு வந்தது. புட்டியிலும், குழாயின் நுனியிலும், ரத்தத்திலும் ஒரே கிருமி. இரண்டு நாள் தாமதித்திருந்தால் இதய வால்வைப் பிடித்திருக்கும் என்றார் டாக்டர். அட்டையை நம்பியதைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. அபூர்வமான கேஸ், மாநாட்டில் படிக்கப் போகிறேன், புட்டியை ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னார்.

"படிக்கற எடத்துல நான் மொதல்லயே வந்து சொன்னேன்னும் படி," என்றாள் கெம்பம்மா.

டாக்டர் கேட்காததுபோல் போய்விட்டார்.

கிருமியைக் கொல்லும் மருந்து பதினான்கு நாள் ஏற வேண்டும். பட்டன் போய்விட்டது, மறுபடியும் கருகிய கைதான். ஒவ்வொரு நாளும் ஒரு நரம்பைத் தேடிக் கண்டுபிடிப்பதும் மறுநாள் அது வீங்கிப்போவதுமாக இருந்தது.

நாலாம் நாள் மாரிசாமி வந்தார். கையில் ஆப்பிள் பை. பைக்குள் ஒரு ஃபைல். சான்றிதழை ஆடிட்டர்கள் நிறுத்தி வைத்துவிட்டார்கள் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"எப்படிம்மா இருக்கே? எம்.டி. ரொம்ப விசாரிச்சார்."

"உசுரோட இருக்கேன். அட்டைல போட்டுக்க."

அவர் ஃபைலிலிருந்து இரண்டு காகிதம் எடுத்தார். முதலாவது கெம்பம்மா சொல்வதாக டைப் அடிக்கப்பட்டிருந்தது. நிகழ்ச்சியன்று காலை பஸ் நிலையத்தில் வாங்கித் தின்ற சீத்தாப்பழம் ஒத்துக்கொள்ளாமல் எனக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. கம்பெனி டிஸ்பென்சரியின் சேவையில் எனக்கு முழுத் திருப்தி.

இரண்டாவது, கார்பன் பிரதியோடு கங்கப்பனுக்கு ஒரு மெமோ. கம்பெனி சொத்தான உப்புநீர்ப் புட்டி ஒன்றை, சுமார் நானூற்று அறுபது மில்லி இருப்புடன், கேட் பாஸ் இன்றி வெளியே கடத்தியதற்காக உன்மேல் ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்பதற்கு ஏழு நாளில் விளக்கம் தரவும்.

"இதுல அந்தம்மா ஒரு சைன் போட்டா," என்று கட்டிலருகே நின்ற கங்கப்பனிடம் முதல் காகிதத்தைத் தட்டினார் மாரிசாமி, "இது கிழிஞ்சுடும்," என்று இரண்டாவதைத் தட்டினார். "பியூர்லி ஒரு ஃபார்மாலிட்டி."

"சீத்தாப்பழமா?" என்றாள் கெம்பம்மா. "ஆப்பிள்னு எழுதியிருந்தா, குடுத்தது நீன்னு சேத்து எழுதிக்கலாம். எனக்கு கை எங்கய்யா இருக்குது? இது ஆபரேசன் கை. இதுல ஊசி குத்தி வெச்சிருக்குது. எதால போடறது?"

"கட்டைவிரல் போதும்." அவர் சட்டைப் பையிலிருந்து மை டப்பாவை எடுத்தார். யோசித்துத்தான் வந்திருக்கிறார்.

கங்கப்பன் மெமோவை மெதுவாகப் படித்துக்கொண்டிருந்தான். திருட்டு என்ற வார்த்தை அதில் இல்லை. கடத்தல் என்று இருந்தது. அவன் காதெல்லாம் சிவந்துவிட்டது. இன்னும் ஆறு வருஷ சர்வீஸ் பாக்கி. கெம்பம்மா அவன் முகத்தைப் பார்த்தாள். இவன் கையெழுத்துப் போடச் சொல்லப் போகிறான் என்று நினைத்தாள். போட மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

"பேனா குடுங்க சார்," என்றான் கங்கப்பன்.

மாரிசாமி முகம் மலர்ந்து பேனாவைக் கொடுத்தார். சாட்சிக் கையெழுத்து என்று நினைத்துவிட்டார். கங்கப்பன் மெமோவின் கீழே பெற்றுக்கொண்டேன் என்று எழுதி, பெயரை எழுதி, தேதி போட்டான். மெமோவின் மேல் தாளை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டு, கார்பன் பிரதியை அவரிடம் நீட்டினான்.

"இது உங்க காப்பி சார்."

"என்னலே செய்யுத?" சாத்தூர் முழுசாக வந்து நின்றது. "கிறுக்குப் பயலா நீ? வேலை போயிரும்லே."

"ஏழு நாளு குடுத்துருக்கீங்க. பதில் எழுதித் தரேன். எடுத்தேன்னு எழுதித் தரேன். எதுக்கு எடுத்தேன்னும் எழுதித் தரேன். ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டும் வெச்சுத் தரேன். ரெண்டு காப்பி."

மாரிசாமி மை டப்பாவைத் திறந்தார், மூடினார். விரலில் மை ஒட்டிக்கொண்டது.

அப்போது வார்டு நர்ஸ் தட்டோடு வந்தாள். கெம்பம்மாவின் இடது புறங்கை புசுபுசுவென்று வீங்கியிருந்தது. மருந்து நரம்பை விட்டு வெளியே போய்க்கொண்டிருந்தது. நர்ஸ் ஊசியை உருவிவிட்டு, முழங்கைக்கு மேல் ரப்பரைக் கட்டி, வேறு நரம்பு தேடத் தொடங்கினாள். ஜன்னல் பக்கம் கையைத் திருப்பினாள். ஜன்னலை மாரிசாமி மறைத்துக்கொண்டிருந்தார்.

"வெளிச்சத்துக்குக் குறுக்கால நிக்கற," என்றாள் கெம்பம்மா. "நவுரு சார்."

அவர் நகர்ந்தார். நர்ஸ் புறங்கையைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். முதல் குத்தில் ஒன்றும் வரவில்லை. இரண்டாவதில் நரம்பு வழுக்கியது. கெம்பம்மா முகத்தைத் திருப்பாமல் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது குத்தில் ரத்தம் குழாயில் ஏறி வந்தது.